நீராவி குடித்த இட்லிகள்

நெருப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அதை எப்படி மிச்சம் பிடிப்பது என்று தெரியாமல் மனித குலம் தவித்துக்கொண்டிருந்தது. அந்த நெடுநாள் தவிப்புக்கு உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் சாலையில், நெல்வயல்களுக்கு நடுவே நிற்கும் ஒரு தொழிற்சாலையில் முடிவு கட்டப்பட்டது. சரித்திரம் இதை இன்னும் கவனிக்கவில்லை. அந்தப் பக்கம் டவுன் பஸ் குறைவு என்பதால் இருக்கலாம்.

தொழிற்சாலையின் பெயர்ப் பலகையில் ஆங்கிலத்தில் ஒரு பத்தியே எழுதியிருந்தது. சுற்றுவட்டாரத்தில் அதற்குப் பெயர் 'அசிட்டோன் கம்பெனி'. மருந்துக் கம்பெனிகள் பயன்படுத்தி ஒதுக்கிய, தண்ணீர் கலந்த அழுக்கு அசிட்டோன் என்ற கரைப்பானை லாரி லாரியாக வாங்கி வந்து, ஐந்து மாடி உயர இரும்புக் கோபுரம் ஒன்றுக்குள் விட்டு, அடியில் நீராவியால் சூடேற்றுவார்கள். அசிட்டோன் ஆவியாகி மேலே போகும். தண்ணீர் அடியில் தங்கும். மேலே போனதைக் குளிரவைத்துப் பிடித்தால் சரக்கு. சரக்கு இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால், பிடித்ததில் ஒரு பங்கைத் திரும்பக் கோபுரத்துக்குள்ளேயே கொட்டி மறுபடி கொதிக்கவைக்க வேண்டும். இன்னும் சுத்தம் வேண்டுமா? இன்னும் கொட்டு, இன்னும் கொதிக்கவை. அதிலும் கடைசி இரண்டு மூன்று சதவீதச் சுத்தம் இருக்கிறதே, அது நீராவியை அண்டா அண்டாவாகக் குடிக்கும்.

அந்த நீராவியைக் காய்ச்சித் தருகிறவர் வேதகிரி. பாய்லர் பிரிவு அதிகாரி. திருப்புலிவனத்துக்காரர். நெஞ்சு கொஞ்சம் இளகியது. அதை மறைப்பதற்காகவே பெரிய மீசை வைத்திருந்தார். மீசை அந்த வேலையைச் சரியாகச் செய்ததில்லை.

சம்பவம் 'ஆற்றல் சிக்கன வார'த்தில் தொடங்கியது. பொது மேலாளர் தாமோதரன் எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்தார். திரையில் 'பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்துவோம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அது பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக ஜன்னல்களை மூடித் திரையை இழுத்துவிட்டு, நடமாட வசதியாக ஆறு குழல்விளக்குகளைப் போட்டிருந்தார்கள். ஏசி காற்றில் வேதகிரியின் மீசை விறைத்துவிட்டது.

"தொழிலதிபர்கள் சங்கம் ஒரு கேடயம் அறிவித்திருக்கிறது," என்றார் தாமோதரன். "ஒரு மாதத்தில் நீராவிச் செலவைப் பத்து சதவீதம் குறைக்கும் ஆலைக்கு. அதை நாம் வாங்குகிறோம். இனி வேதகிரிதான் நமது 'ஆற்றல் சிக்கன அதிகாரி'."

கைதட்டல். வேதகிரிக்குப் பச்சை நிறத்தில் ஒரு பேட்ஜ் குத்தப்பட்டது. பதவி உயர்வுக்கு உண்டான மற்ற எதுவும் அதனுடன் வரவில்லை.

"நீராவி எங்கே வீணாகிறது? தயங்காமல் சொல்லுங்கள்."

விற்பனை மேலாளர் சேட்டு தயங்கவில்லை. "கேன்டீன்ல சார். காலையில நாஷ்டா நேரத்துல போய்ப் பாருங்க, இட்லிப் பெட்டியத் தொறந்தா குபுகுபுன்னு போவுது. கண்ணாடியே மறைக்குது சார் எனக்கு."

அறையிலிருந்த எல்லாத் தலைகளும் ஒரேசமயம் ஆடின. கண்ணால் கண்ட உண்மைக்குத் தலை தானாக ஆடும். கோபுரத்துக்குப் போகும் நீராவிக் குழாயை வெள்ளைப் பஞ்சு சுற்றி, தகடு போர்த்தி வைத்திருந்தார்கள். அதில் டன் கணக்கில் போவதை யாரும் பார்த்ததில்லை. பாய்லரிலிருந்து கேன்டீனுக்கு ஒரு கட்டைவிரல் கனக் குழாய் போகிறது. அதன் முனையில் எழும் ஆவியை மட்டும் எல்லோரும் தினமும் காலை எட்டு மணிக்குக் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள்.

தீர்மானம் நிறைவேறியது: வேறு எங்காவது பத்து சதவீதம் கிடைத்தால் சரி. இல்லையென்றால் அடுத்த திங்கட்கிழமை கேன்டீன் குழாய் மூடப்படும். தேடும் பொறுப்பு வேதகிரிக்கு.

கேன்டீன் நடத்துபவர் ஞானசுந்தரி. கூட்டத்தின் முடிவு வேதகிரிக்கு முன்பே அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"இன்னா சார், என் இட்லி மேல கேஸு போட்டுக்கிறாங்களாமே?"

"கேஸு இல்லம்மா. ஆராய்ச்சி."

"அது கேஸவுட பேஜாராச்சே." ஞானசுந்தரி மாவுக் கரண்டியைக் கீழே வைத்தார். "சார், சிலிண்டர் வாங்கிப் போட்டு அவிச்சா கம்பெனி குட்க்கற ரேட்டுக்குக் கட்டுப்படியாவாது. கேன்டீன வுட்டுட்டு பழையபடி நடவுக்குத்தான் போவணும். ஊரான் சேத்துல குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சுன்னுதான் இங்க வந்து நிமுந்து நிக்கறேன்."

"பத்து பர்சென்ட் எங்கனா கெடச்சிட்டா உன் பைப்புல கை வெக்க மாட்டாங்கம்மா. தேடிக்கினு கீறேன்."

"தேடு சார், நல்லாத் தேடு. படிச்சவங்க, எங்கனா மறந்தாப்புல வச்சிருப்பீங்க."

வேதகிரி தேடினார். முதலில் கோபுரத்தை ஓட்டும் டேனியலிடம் போனார்.

"டேனியலு, இன்னா சுத்தத்துல ஓட்டிக்கினு கீற?"

"தொண்ணூத்தொம்போது சார்."

"யாரு கேட்டது அவ்ளோ?"

"லேப்ல தொண்ணூத்தெட்டுதான் கேக்கறாங்க. நான் ஒண்ணு மேலயே வச்சிப்பேன். நாளைக்கு எதனா ஒண்ணுன்னா 'டேனியலுதான் பண்ணான்'னு வரக்கூடாது பாரு."

ஆய்வகத்தில் பூஜா சோதனைக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஜி.எம். தொண்ணூத்தேழுதான் சார் போட்டிருக்காரு. எங்க மெஷின் ஒரு நேரம் போல ஒரு நேரம் காட்டாது. அதான் ஒண்ணு கூட்டிக்கிட்டேன்."

தாமோதரன் நாற்காலியில் சாய்ந்தார். "சேட்டு என்னிடம் தொண்ணூற்றாறு கேட்டார். ஆனால் வேதகிரி, ஆலைக்கென்று ஒரு மானம் இருக்கிறது." ஆலையின் மானம் சரியாக ஒரு சதவீதம் என்று வேதகிரி மனத்தில் குறித்துக்கொண்டார்.

சேட்டு வெற்றிலைப் பாக்கோடு சிரித்தார். "பார்ட்டி கேட்டது தொண்ணூத்தஞ்சுதான் நைனா. கேட்டத மட்டும் அளந்து குட்த்தா இன்னா மரியாத? சந்தையில கத்திரிக்கா வாங்கனாலே ரெண்டு மேல போடறான். நம்ம கொசுறு இல்லாத கம்பெனியா?"

"அவரு அத வாங்கி இன்னா பண்றாரு?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. சேட்டு போனைப் போட்டு, ஸ்பீக்கரில் விட்டார்.

"நெயில் பாலிஷ் அழிக்கிற மருந்துதாண்ணே," என்றது போன். "உங்க சரக்குல தண்ணி ஊத்திக் கலக்கி, ரோஜா வாசன போட்டு, பாட்டில்ல அடைக்கிறோம்."

"தண்ணியா?"

"பின்ன? உங்குளுது ரொம்பக் காட்டமா கீதுண்ணே. தொண்ணூத்தஞ்சு கேட்டா ஏன் இப்டி அனுப்பறீங்க? உங்களாலதான் தனியா ஒரு போர் போட்டேன்."

வேதகிரி வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். இங்கே விறகை எரித்து, ஆவியைக் காய்ச்சி, கோபுரத்தில் ஏற்றி, உயிரைக் கொடுத்துப் பிரித்தெடுக்கும் தண்ணீரை அங்கே ஒருவர் போர் போட்டு இறைத்துத் திரும்ப ஊற்றிக்கொண்டிருக்கிறார். இரண்டு தொழிற்சாலைகள், நடுவில் லாரிப் போக்குவரத்து, நூறு குடும்பத்துக்குச் சோறு. இதைப் பொருளாதார வளர்ச்சி என்றும் சொல்லலாம்.

அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. டேனியல் கேட்கும் அழுத்தத்தைவிட ஒரு புள்ளி கூடுதலாகவே வேதகிரியும் பாய்லரை ஓட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று யோசித்துப் பார்த்தார். மனசு நிறைவாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் அவர் எழுந்து, "கோபுரத்தைத் தொண்ணூற்றைந்தில் ஓட்டினால் போதும், பத்து சதவீதத்துக்கு மேலேயே மிச்சமாகும்," என்றார்.

"தரத்தைக் குறைக்கச் சொல்கிறீர்களா?" தாமோதரன் அதிர்ந்தார். "அதுவும் சிக்கன வாரத்தில்?"

"வாங்கறவரே தண்ணி ஊத்தறாரு சார்."

"அது அவருடைய தண்ணீர். அவருடைய உரிமை. ஆனாலும் உங்கள் கருத்தை மதிக்கிறேன். தொண்ணூற்றைந்து. யாருக்காவது ஆட்சேபனை உண்டா?"

யாருக்கும் ஆட்சேபனை இல்லை. தொண்ணூற்றைந்து ஒருமனதாக நிறைவேறியது. பார்ட்டி முகம் கோணக் கூடாது என்று சேட்டு ஒன்று கூட்டச் சொன்னார். மானத்துக்காகத் தாமோதரன் ஒன்று கூட்டினார். மெஷினுக்காக பூஜா ஒன்று. டேனியல் கூட்டத்தில் இல்லை. இல்லாதவர் சார்பில் ஒன்றைக் கூட்டிவைப்பது நாகரிகம் என்று கருதப்பட்டது. கடைசியில், இத்தனை பேர் சேர்ந்து எடுத்த முடிவு என்பதால், கூட்டத்தின் பெயரால் அரை. வேதகிரியின் திட்டத்தின்படி கோபுரம் இனி தொண்ணூற்றொன்பதரையில் ஓடும்.

இட்லியின் சார்பில் பேச அந்த அறையில் யாருக்கும் நாற்காலி ஒதுக்கப்படவில்லை.

திங்கட்கிழமை காலை கேன்டீன் வால்வுக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். தாமோதரன் அதைக் கத்தரித்து, வால்வைத் திருகி மூடினார். ஒரு வசதியை மூடுவதற்காக நடந்த திறப்பு விழா அது. போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் ஞானசுந்தரி விழக்கூடாது என்று கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவர் தள்ளி நின்றார். கையில் ஆறிப்போன இட்லித் தட்டு இருந்தது.

இட்லிக்குப் பதிலாகச் செங்கல்பட்டிலிருந்து டப்பாவில் பொங்கல் வந்தது. டேனியல் அதில் ஒரு கரண்டியைக் குத்தினார். கரண்டி நின்றது.

"சார்," என்றார் வேதகிரியிடம், "இத தின்னுட்டு நான் கோபுரம் ஏறணுமா?"

வேதகிரி சுற்றுமுற்றும் பார்த்தார். "ஒண்ணு பண்ணு. கோபுரத்துக்குள்ள திருப்பிக் கொட்றதக் கொற. ஆவிய நானும் கொறச்சிக்கறேன். தொண்ணூத்தஞ்சுக்கு வரட்டும். பத்து பர்சென்ட் மிச்சம்னு மீட்டர்ல காட்டிட்டு, அந்தம்மா பைப்ப தொறக்கச் சொல்லிக் கேட்டுடலாம்."

"தொண்ணூத்தஞ்சேவா சார்?"

வேதகிரிக்கே அது கொஞ்சம் பொறுக்கவில்லை. "சரி, அரை மேல வச்சிக்க."

மதியம் பூஜா மூச்சு வாங்க வந்தார். "சார், தொண்ணூத்தஞ்சரை காட்டுது!"

"கேட்டதே தொண்ணூத்தஞ்சுதான்மா. யாருகிட்டனா சொல்லுவியா?"

பூஜா நேர்மையான பெண். யோசித்தார். "கேட்டா சொல்லுவேன் சார். கேக்கலன்னா சொல்ல மாட்டேன்."

வாரம் முழுக்க யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மீட்டரைப் பார்த்து வேதகிரி கண்ணைக் கசக்கிக்கொண்டார். பத்து எதிர்பார்த்த இடத்தில், நீராவிச் செலவு மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. படியில் இரண்டு இரண்டாகத் தாவி, தாமோதரன் அறைக்கு ஓடினார்.

"சார்! மூணுல ஒரு பங்கு மிச்சம் சார்!"

தாமோதரன் மெல்ல எழுந்தார். முகத்தில் வியப்பு, பிறகு சினம்.

"மூன்றில் ஒரு பங்கா! வேதகிரி, அந்த இட்லி இவ்வளவா குடித்துக்கொண்டிருந்தது?"

வேதகிரி விளக்க வாயெடுத்தார். அதற்குள் தாமோதரன் விசாரணைக்கு ஆள் அனுப்பிவிட்டார். மூடியது கேன்டீன் குழாய், இறங்கியது கோபுரத்தின் சுத்தம்; ஆனால் இரண்டும் ஒரே திங்கட்கிழமை காலை நடந்திருந்தன. ஞானசுந்தரியைக் காப்பாற்றுவதற்காக அவர் மிச்சம் பிடித்த ஒவ்வொரு கிலோ நீராவியும் ஞானசுந்தரிக்கு எதிரான சாட்சியாகப் போய் நின்றுகொண்டது.

உடனே விசாரணைக் கூட்டம். ஞானசுந்தரி கதவருகே நிறுத்தப்பட்டார்.

"இட்லி தவிர வேறு எதையாவது வேகவைத்தது உண்டா?" தாமோதரன் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம ஷிப்டுக்குப் புட்டு சார்."

"புட்டு!" சேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா சார்? அதுவா வருது வெளிய."

"வெளியாட்களுக்கு விற்றீர்களா?"

"இன்னாத்த சார், ஆவியவா?"

"கேலி வேண்டாம். மீட்டர் பொய் சொல்லாது. இந்த ஆலையின் நீராவியில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் பெட்டிக்குப் போயிருக்கிறது."

ஞானசுந்தரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சார், நீங்க பெரியவங்க. உங்க மீட்டரும் பெரிய மீட்டரு. ஆனா அவ்ளோ ஆவி என் கைக்கு வந்திருந்தா நான் ஏன் சார் இட்லி அவிக்கறேன்? சாலவாக்கம் ஏரியவே அவிச்சிருப்பேன், மீனோட."

யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். ஒப்பந்தத்தையே ரத்து செய்து, திங்கட்கிழமை முதல் ஞானசுந்தரி வளாகத்துக்குள் வரக்கூடாது என்று தீர்மானம் தயாரானது. "அனைவரும் ஏற்கிறீர்களா?"

வேதகிரி எழுந்தார். மீசை நடுங்கியது.

"இட்லி ஒண்ணும் குடிக்கல சார். கோபுரத்த நான்தான் தொண்ணூத்தஞ்சரைக்கு எறக்கனேன். டேனியல்கிட்ட சொன்னது நான்தான். மிச்சமானது அதுல."

தாமோதரன் பூஜாவைப் பார்த்தார். "உண்மையா?"

"ஆமா சார்."

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கல சார்."

"வாடிக்கையாளர் என்ன சொன்னார்?"

சேட்டு கூரையைப் பார்த்தார். "நேத்து போன் பண்ணாரு சார். 'இப்பத்தாண்ணே சரியா கீது'ன்னாரு. நான் வேற எதயோ சொல்றாருன்னு வுட்டுட்டேன்."

கூட்டம் பத்து நிமிடம் ஒத்திவைக்கப்பட்டது. தாமோதரன் வேதகிரியைத் தன் அறைக்கு அழைத்துப்போய், கதவைச் சாத்தி, தன் கையால் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். குரலும் கூட்டத்துக் குரலாக இல்லை.

"உட்காருங்க வேதகிரி. நீங்க சொல்றது உண்மைன்னே வெச்சிக்குவோம். அப்ப இத்தன வருஷமா நீராவிய வீணடிச்சது யாரு? சேட்டு, நானு, பூஜா, டேனியலு, நீங்க. மொத்தம் அஞ்சு பேரு. இட்லிதான்னு வெச்சிக்கிட்டா?"

"ஒரு ஆளு சார்."

"ஒரே ஒரு ஆளு. அஞ்சு பேரு மேல போக வேண்டிய பழிய ஒரே ஆள வெச்சு முடிக்கறதுக்கு நிர்வாகத்துல இன்னா பேரு தெரியுமா?"

"அநியாயம் சார்."

"சிக்கனம்." தாமோதரன் வருத்தத்தோடு தலையசைத்தார். அவர் கெட்டவர் கிடையாது. கெட்டவராக இருந்தால் தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்க மாட்டார்.

கதவுக் கண்ணாடி வழியாக வெளியே தெரிந்தது. ஞானசுந்தரி அங்கே சுவரோரம் நின்றிருந்தார். உட்கார் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முதுகை மட்டும் நேராக வைத்திருந்தார்.

"ஒரு ஆளு போதுமா சார்?" என்றார் வேதகிரி.

"தாராளமா போதும்."

"அப்ப அது நானா இருந்துட்டுப் போறேன். அந்தம்மா பைப்ப தொறந்து வுட்ருங்க."

தாமோதரன் கண் கலங்கிவிட்டது. ஆள் எண்ணிக்கை அதே ஒன்று. கேன்டீனுக்கு வேறு ஆள் தேடும் அலைச்சலும் இல்லை. செங்கல்பட்டுப் பொங்கலும் இல்லை. எழுந்து வந்து வேதகிரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள மாதிரி ஒரு ஆற்றல் சிக்கன அதிகாரி இந்த ஜில்லாவுலயே கிடையாது வேதகிரி."

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. கேன்டீன் குழாய் திறக்கப்பட்டது. கோபுரம் தொண்ணூற்றைந்தரையிலேயே ஓட அனுமதிக்கப்பட்டது. அதற்கு 'தாமோதரன் முறை' என்று பெயர் சூட்டினார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. 'கோபுரத்தின் சுத்த அளவைத் துணிச்சலாகக் குறைத்து நீராவியை மிச்சப்படுத்தியதற்காக' என்று வாசித்து, தாமோதரனுக்குச் சால்வை போர்த்திக் கேடயம் தந்தார்கள். அதே நாள் பிற்பகல் வேதகிரிக்கு ஒரு மெமோ வந்தது. கோபுரத்தின் சுத்த அளவை அனுமதியின்றித் துணிச்சலாகக் குறைத்ததற்காக இந்த வருடச் சம்பள உயர்வு நிறுத்தம். பச்சை பேட்ஜைத் திருப்பி ஒப்படைக்கவும்.

மறுநாள் காலையும் கேன்டீனில் ஆவி பறந்தது. சேட்டுவின் கண்ணாடி மறைத்தது. ஞானசுந்தரி வேதகிரியின் தட்டில் இட்லியை வைத்துவிட்டு, அங்கேயே நின்றார்.

"இன்னா சார், கப்பு அவருக்கு, மெமோ உனுக்காமே?"

"ஆமாம்மா."

"ரெண்டும் ஒரே வேலைக்குத்தான?"

"ஒரே வேலைக்குத்தான். சட்னி ஊத்தும்மா, ஆறிடப் போவுது."

கேடயம் தப்பான ஆளுக்குப் போய்விட்டதாக டேனியல் இன்றும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தொழில்நுட்பம் போதாது. அசிட்டோனையும் தண்ணீரையும் பிரிக்க அந்தக் கோபுரம் ஐந்து மாடி உயரம் நின்றுகொண்டு, பாய்லர் பாய்லராக நீராவியைக் குடிக்கிறது. அப்படியும் நூற்றுக்கு நூறு பிரித்ததில்லை. தாமோதரனோ ஒரே வேலையிலிருந்து பாராட்டையும் பழியையும், உட்கார்ந்த இடத்தில், ஒரு பேனாவால், ஒரு கரண்டி நீராவி செலவில்லாமல், ஒன்றில் ஒன்று ஒரு சொட்டும் கலக்காமல் நூற்றுக்கு நூறு பிரித்து, பாராட்டை மேலேயும் பழியைக் கீழேயும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். கேடயம் அவருக்குத்தான் சேர வேண்டும்.